சீசனின் முதல் சனிக்கிழமை இரவு: 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியை எப்படிப் பார்ப்பது?

அமெரிக்காவுக்கு வந்த முதல் ஆண்டில், உடன் பணிபுரிவோருடன் கூடி 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் புதிய சீசன் தொடக்கத்தைப் பார்த்ததாகவும், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தபோது தங்களுக்குப் பாதி விளங்கவில்லை என்றும், நடிகர்கள் எதையோ படிப்பது போலப் பேசினார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த முதல் எபிசோடுக்கு மட்டும் ஏன் இத்தனை எதிர்பார்ப்பு, அடுத்த முறை எப்படிப் பார்த்தால் சுவைக்கும் என்பவை உங்கள் கேள்விகள். படிப்பது போலப் பேசினார்கள் என்ற குறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே படிக்கத்தான் செய்கிறார்கள்.

நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தின் எட்டாவது மாடியில், ஒரு காலத்தில் இசை நடத்துநர் டாஸ்கனினியின் இசைக்குழு வானொலிக்காக வாசித்த 8எச் என்ற ஸ்டுடியோவில், கேமராவுக்கு அருகே ஒருவர் பெரிய வெள்ளை அட்டைகளை அடுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். வசனம் முழுவதும் அவற்றில் தடித்த மார்க்கரால், ஆளுக்கொரு வண்ணத்தில், கையால் எழுதப்பட்டிருக்கும். கியூ கார்டு என்பது இதுதான். வசனத்தைத் திரையில் ஓட்டிக் காட்டும் டெலிப்ராம்ப்டர் இயந்திரம் வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும் இவர்கள் அட்டையை விடாததற்குக் காரணம் பழைமைப் பற்று அன்று. நேரலை தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது ஒரு வரியை எடுத்துவிட முடிவானால், அதன்மேல் வெள்ளை டேப்பை ஒட்டிப் புதிய வரியை எழுதிவிடலாம். நடுவில் இயந்திரம் மக்கர் செய்யும் என்ற கவலையும் இல்லை. அடுத்த முறை நெருக்கக் காட்சி வரும்போது நடிகரின் கண்களை மட்டும் கவனியுங்கள். எதிரே நிற்பவரின் காதுக்கு அப்பால் எங்கோ ஓரிடத்தில் பார்வை நிலைத்து, வரி முடிந்ததும் ஒரு கணம் எதிராளியின் முகத்துக்கு வந்து, உடனே பழைய இடத்துக்கே திரும்பிவிடும். தேர்ந்த நடிகர்கள் அந்தப் பார்வை விலகலையே பாத்திரத்தின் சுபாவமாக்கிவிடுவார்கள். புதியவர்களுக்கு அந்தப் பழக்கம் படிவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், சீசனின் முதல் இரவில் இது கூடுதலாகவே கண்ணில் படும்.

வசனம் கடைசி நிமிடம்வரை மாறிக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்டால், 90 நிமிட நிகழ்ச்சி முழுவதும் ஆறே நாட்களில் உருவாவதுதான் விடை. திங்கட்கிழமை, அந்த வாரத்துக்கு ஹோஸ்டாக அழைக்கப்பட்ட பிரபலம், தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸின் அறையில் எழுத்தாளர்களையும் நடிகர்களையும் சந்திப்பார். நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, ஆளுக்கொரு யோசனையைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுத்து வேலை. புதன்கிழமை எல்லோரும் மேசையைச் சுற்றி அமர்ந்து 40 ஸ்கெட்சுகள் வரை, அதாவது நான்கைந்து நிமிடத் துணுக்கு நாடகங்களை, உரக்கப் படிப்பார்கள். அவற்றில் ஒரு டஜன் அளவுக்குத் தேறினால் உண்டு. அதன் பிறகுதான் தச்சர்கள் அரங்கம் செய்யத் தொடங்குகிறார்கள், தையல்காரர்கள் உடை தைக்கத் தொடங்குகிறார்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பார்வையாளர்களை உட்காரவைத்து முழு ஒத்திகை ஒன்று நடக்கும். அது நேரலையைவிட நீளமானது. அங்கே சிரிப்பு விழாத ஸ்கெட்சுகள், அவற்றுக்காகக் கட்டிய அரங்கத்தோடும் தைத்த உடையோடும் சேர்த்து, இரவு 11.30 மணிக்கு முன் கைவிடப்படும். நிகழ்ச்சி ஆயத்தமாகிவிட்டது என்பதற்காகத் தொடங்குவதில்லை, 11.30 ஆகிவிட்டது என்பதற்காகவே தொடங்குகிறது என்பது மைக்கேல்ஸின் புகழ்பெற்ற வாசகம்.

எனவே இதைத் திரைப்படத்தைப் பார்ப்பது போலப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். மேடை நாடகத்தின் முதல் காட்சியைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். பல ஸ்கெட்சுகள் நன்றாகத் தொடங்கி, முடிக்கத் தெரியாமல் முடியும். அதை நீங்கள் விளங்காமை என்று எண்ணியிருந்தால், அது உங்கள் குறையன்று. ஐம்பது ஆண்டுகளாக அந்த நிகழ்ச்சியின் மேல் சொல்லப்படும் முதன்மையான புகாரே அதுதான்.

இனி, முதல் எபிசோடுக்கு ஏன் இத்தனை எதிர்பார்ப்பு என்ற கேள்வி. இந்த நிகழ்ச்சியே ஒரு சனிக்கிழமையின் வெற்றிடத்தை நிரப்ப வந்தது. 'டுநைட் ஷோ' என்ற இரவு நேர உரையாடல் நிகழ்ச்சியை நடத்திவந்த ஜானி கார்சன், தம் பழைய எபிசோடுகளை வார இறுதியில் மறு ஒளிபரப்பு செய்வதை நிறுத்துமாறு 1974இல் என்பிசி தொலைக்காட்சி நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தை நிரப்பும் பொறுப்பு கனடாவிலிருந்து வந்திருந்த மைக்கேல்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1975 அக்டோபர் 11 அன்று முதல் எபிசோட் ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 30. ஏபிசி அலைவரிசையில் ஹோவர்ட் கோசல் நடத்திய வேறொரு நிகழ்ச்சி அந்தப் பெயரை முன்பே எடுத்துக்கொண்டிருந்ததால், இது 'என்பிசிஸ் சாட்டர்டே நைட்' என்று தொடங்கி, 1977இல்தான் இன்றைய பெயருக்கு மாறியது.

அந்த முதல் இரவின் முதல் காட்சியைத் தேடிப் பாருங்கள். இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கும். பெயரோ இசையோ அறிவிப்போ எதுவும் இல்லாமல் திரை திறக்கிறது. நாற்காலியில் ஓர் ஆங்கில ஆசிரியர் அமர்ந்திருக்க, குடியேறியவராக வரும் ஜான் பெலூஷி உள்ளே வந்து எதிரே உட்காருகிறார். வுல்வரின் என்ற விலங்கைப் பற்றிய பொருளற்ற வாக்கியங்களை ஆசிரியர் சொல்லித்தர, மாணவர் அவற்றைக் கொச்சையான உச்சரிப்பில் அப்படியே திருப்பிச் சொல்கிறார். திடீரென ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுகிறார். மாணவர் ஒரு கணம் தயங்குகிறார், பிறகு இதுவும் பாடம்தான் போலும் என்று தாமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். அப்போது காதில் ஹெட்செட்டுடன் மேடை நிர்வாகியாக எட்டிப் பார்க்கும் செவி சேஸ், கேமராவைப் பார்த்துப் புன்னகைத்து, 'லைவ் ஃப்ரம் நியூயார்க், இட்ஸ் சாட்டர்டே நைட்!' என்கிறார். அதன் பிறகே பெயர் வருகிறது. கோல்ட் ஓப்பன் எனப்படும் இந்தத் தொடக்கமும் அந்த அறைகூவலும் இன்றுவரை அநேகமாக ஒவ்வொரு வாரமும் தொடர்கின்றன.

அதே இரவில், இரண்டு பிளேடு சவரக் கத்தியையே புதுமை என்று விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்களைக் கேலி செய்து, மூன்று பிளேடு கத்திக்கு ஒரு போலி விளம்பரம் வந்தது. நீங்கள் எதையும் நம்புவீர்கள் என்பதே அதன் கடைசி வரி. 1998இல் ஜில்லெட் நிறுவனம் மூன்று பிளேடு கத்தியை உண்மையிலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. போலி விளம்பரங்கள் இன்றும் வருகின்றன. உண்மையான விளம்பர இடைவேளைக்கு நடுவே அவற்றை அடையாளம் காணச் சிறிது பழக வேண்டும். அன்று சிரிப்பு எதற்கு என்று விளங்காமல் இருந்ததில் இவற்றுக்கும் பங்கு இருந்திருக்கக்கூடும்.

சீசன் வழக்கமாகச் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆரம்பித்து மே மாதத்தில் முடிகிறது. அடுத்த சீசன்வரை உள்ள நான்கு மாதங்களில் நாட்டில் என்ன நடந்தாலும் இவர்கள் வாய் திறக்க முடியாது. அவ்வளவு செய்தியும் குவிந்து கிடக்கும் நிலையில்தான் முதல் சனிக்கிழமை வருகிறது. அதோடு நடிகர் குழுவில் சிலர் விலகியிருப்பார்கள், சிலர் புதிதாகச் சேர்ந்திருப்பார்கள். யார் இனி எந்தத் தலைவரை மிமிக்ரி செய்வார் என்பது அன்றுதான் தெரியவரும். தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துடைத்து வெள்ளையடித்தது போல, தொடக்கப் படத்தொகுப்பும் பல ஆண்டுகளில் புதிதாக இருக்கும். இவற்றையெல்லாம் அறிந்தவர்கள், சிரிப்பதற்காக மட்டுமின்றிப் புதிய ஆண்டு எப்படிப் போகும் என்று கணிப்பதற்காகவும் அந்த இரவில் உட்காருகிறார்கள். உங்கள் நண்பர்கள் சிரித்ததில் ஒரு பகுதி, எதிர்பார்த்த முகம் எதிர்பாராத வேடத்தில் வந்து நின்றதற்காக இருந்திருக்கும்.

இதற்குச் சிறந்த சான்று 2008 செப்டம்பர் 13. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. பேலினின் முகச்சாயல் நகைச்சுவை நடிகை டீனா ஃபேயை ஒத்திருப்பதாக ஊரே பேசியது. ஆனால் ஃபே 2006இலேயே நிகழ்ச்சியை விட்டுப் போய்விட்டவர். அன்றைய கோல்ட் ஓப்பனில் ஹிலாரி கிளிண்டன் வேடத்தில் ஏமி போலர் நிற்க, அவர் அருகில் பேலினாகவே வந்து நின்றார் ஃபே. இரண்டு நாட்களுக்கு முன் ஏபிசி நேர்காணலில் பேலின், அலாஸ்காவின் ஒரு பகுதியிலிருந்து ரஷ்யாவைப் பார்க்க முடியும் என்று சொல்லியிருந்தார். ஃபே அதை 'என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது' என்று ஒரு சுற்றுச் சுற்றிச் சொன்னார். பேலின் சொன்னது மறந்துபோய், ஃபே சொன்னதைப் பேலின் சொன்னதாகவே நினைவில் வைத்திருப்பவர்களை இன்றும் காணலாம். அந்த வாரத்தின் ஹோஸ்ட், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கம் வென்று திரும்பியிருந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ். அவர் என்ன நடித்தார் என்று எவருக்கும் நினைவில்லை.

தமிழர்களுக்குச் சற்று நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. சென்னையிலிருந்து அமெரிக்கா சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸை, மாயா ருடால்ஃப் முதன்முதலாக நடித்துக் காட்டியது 2019 செப்டம்பர் 28 அன்று, 45ஆவது சீசனின் தொடக்க எபிசோடில். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2024இல் அதே செப்டம்பர் 28 அன்று, 50ஆவது சீசனின் தொடக்கத்தில் ருடால்ஃப் அதிபர் வேட்பாளர் ஹாரிஸாக மேடையேறினார். தளர்ந்த ஜோ பைடனாக, பழைய குழுவைச் சேர்ந்த டேனா கார்வி உடன் வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பைடன் வேடம் கைமாறிய கதை தனி வேடிக்கை: 2019 சீசன் தொடக்கத்தில் உட்டி ஹாரல்சன், 2020 சீசன் தொடக்கத்தில் ஜிம் கேரி என்று ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. வெளியிலிருந்து பெரிய நடிகர்களை அழைத்துவந்து அரசியல் தலைவர்களை நடிக்கவைக்கும் இந்த வழக்கம், 2016 சீசன் தொடக்கத்தில் அலெக் பால்ட்வின் டிரம்ப்பாக வந்ததிலிருந்து அளவு மீறிவிட்டது என்பது என் கருத்து. கைதட்டல் பலமாக எழுகிறது, ஆனால் குழுவில் சம்பளத்துக்கு இருக்கும் நடிகர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்.

முதல் எபிசோடின் சுமை எவ்வளவு கனமாக இருக்கக்கூடும் என்பதை 2001 செப்டம்பர் 29 காட்டியது. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து 18 நாட்களே ஆகியிருந்தன. அதே நகரத்தில் இருந்துகொண்டு சிரிப்பு நிகழ்ச்சி நடத்துவதா என்ற தயக்கம் எல்லோருக்கும் இருந்தது. திரை திறந்தபோது மேடையில் மேயர் ரூடி ஜூலியானி நின்றார். அவரைச் சூழ்ந்து தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் நின்றார்கள். மேயர் சுருக்கமாகப் பேச, பால் சைமன் கிட்டாருடன் ஒரு பாடல் முழுவதையும் பாடினார். கேமரா அந்த வீரர்களின் முகங்களின் மேல் மெதுவாக நகர்ந்தது, ஒருவரும் நடிக்கவில்லை. பிறகு, திரையில் அரிதாகவே தோன்றும் லோர்ன் மைக்கேல்ஸ் மேயரின் அருகில் வந்து, நாங்கள் வேடிக்கை செய்யலாமா என்று கேட்டார். மேயர் ஒரு கணம் நிறுத்தி, "இப்போது மட்டும் எதற்குத் தொடங்க வேண்டும்?" என்றார். அரங்கம் சிரித்தது. அனுமதி கேட்பதாகத் தோன்றிய காட்சிக்குள் நிகழ்ச்சியைக் கேலி செய்யும் வரியை வைத்த கை யாருடையதோ, அது தேர்ந்த கை.

தடுமாறிய தொடக்கங்களும் உண்டு, தடுமாற்றத்தை ஒப்புக்கொண்ட தொடக்கமும் உண்டு. 1985-86 சீசன் படுதோல்வி அடைந்தது. 1986 அக்டோபர் 11 அன்று அடுத்த சீசன் தொடங்கியபோது, முந்தைய சீசனின் முதல் ஹோஸ்டாக இருந்த மடோனாவே மேடையேறி, கடந்த ஆண்டு நடந்ததெல்லாம் ஒரு கெட்ட கனவு என்று அறிக்கை வாசித்தார். அன்று அறிமுகமான புதியவர்களில்தான் டேனா கார்வியும் ஃபில் ஹார்ட்மனும் இருந்தார்கள். அதே போல 1995இல் குழுவைப் பெரும்பாலும் மாற்றிவிட்டுத் தொடங்கிய முதல் இரவில், வீட்டுத் தோட்டத்தில் விருந்தினர்களோடு இனிமையாகப் பேசிக்கொண்டே, கொட்டகை மேல் ஏறிய பிள்ளைகளை இறங்கச் சொல்லி அடிவயிற்றிலிருந்து கத்தும் தந்தையாக வந்தார் வில் ஃபெரல். அந்த ஆண்டு யாரைக் கவனிக்க வேண்டும் என்பது அந்தக் கத்தலிலேயே தெரிந்துவிட்டது.

பெருந்தொற்றுக் காலத்து 2020 அக்டோபர் 3 தொடக்கத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. நியூயார்க் மாநில விதிகளின்படி ஊதியம் பெறுவோர் மட்டுமே ஸ்டுடியோவில் இருக்கலாம் என்பதால், பார்வையாளர்களுக்கு வெளியேறும்போது 150 டாலர் காசோலை கொடுக்கப்பட்டது. சிரிப்பதற்குக் கூலி வாங்கிய கூட்டம் அது.

சீசனின் மிகச் சிறந்த எபிசோட் முதல் இரவில் வருவது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாத ஓய்வுக்குப் பின் எழுத்தாளர்களின் கை துருப்பிடித்திருக்கும். குவிந்த செய்திகளையெல்லாம் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தில் கோல்ட் ஓப்பன் நீண்டுவிடும். ஆகவே நகைச்சுவையின் தரத்தை எடைபோட வேண்டுமானால் மூன்றாவது, நான்காவது வாரம்வரை பொறுத்திருங்கள்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை அந்த வாரத்துத் தலைப்புச் செய்திகளை ஒருமுறை புரட்டிவிட்டு உட்காருங்கள். கோல்ட் ஓப்பனும், நள்ளிரவை ஒட்டி வரும் 'வீக்எண்ட் அப்டேட்' என்ற போலிச் செய்தி அறிக்கையும் செய்தி தெரியாதவருக்குச் சுவைக்காது. 2014இலிருந்து அதை வாசித்துவரும் காலின் ஜோஸ்ட், மைக்கேல் சே இருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதை மட்டும் செய்தி தெரியாமலும் ரசிக்கலாம். தொடக்கப் படத்தொகுப்பில் பெயர்கள் வரும் வரிசையைப் பாருங்கள்: நிரந்தரக் குழு முதலில், புதியவர்கள் இறுதியில். அந்தப் பெயர்களை அறிவிக்கும் குரல் முதல் எபிசோடிலிருந்து ஏறத்தாழ முழுவதும் டான் பார்டோவுடையதாக இருந்தது. 2014இல் அவர் 96 வயதில் மறைந்த பிறகு, டேரல் ஹாமண்ட் அந்த ஆண்டின் சீசன் தொடக்கத்திலிருந்து அறிவிக்கிறார்.

மொழி விளங்கவில்லை என்பதற்காகக் கூச வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 4 தொடக்கத்தில் ஹோஸ்டாக வந்த போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி, நான்கு மாதம் கழித்து நடக்கவிருந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் ஸ்பானிய மொழியில் பாடுபவர் எதற்கு என்று எழுந்த முணுமுணுப்புக்குப் பதிலாக, தம் தொடக்க உரையின் ஒரு பகுதியை ஸ்பானிய மொழியிலேயே பேசினார். முடித்துவிட்டு ஆங்கிலத்தில், இது விளங்கவில்லையென்றால் கற்றுக்கொள்ள நான்கு மாதம் இருக்கிறது என்றார். அன்றிரவு அமெரிக்காவில் பாதி வீடுகள் உங்கள் நிலையில்தான் இருந்திருக்கும்.

மறுநாள் துண்டு துண்டாக வரும் யூடியூப் காட்சிகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அங்கே மேலே வருபவை பெரும்பாலும் அரசியல் காட்சிகள். இந்த நிகழ்ச்சியின் கிறுக்குத்தனமான பகுதியோ நள்ளிரவு 12.50 வாக்கில், பாதிப் பேர் தூங்கிய பிறகு வருகிறது. வேறெங்கும் இடம் கிடைக்காத, எழுதியவருக்கு மட்டும் பிடித்த ஸ்கெட்சை அந்த நேரத்தில்தான் போடுவார்கள். ஊரிலுள்ள உங்கள் தம்பி தங்கையரையும் சேர்த்துக்கொள்ளலாம்: நியூயார்க்கில் சனி இரவு 11.30 என்றால், சீசன் தொடக்கத்தின்போது இந்தியாவிலும் இலங்கையிலும் ஞாயிறு காலை 9 மணி.

1 மணியை நெருங்கும்போது ஹோஸ்ட் நன்றி சொல்ல, எல்லோரும் மேடையில் கூடி ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். அதற்கு மேலேயே பெயர்ப் பட்டியல் ஓடும். அப்போது தொலைக்காட்சியை அணைத்துவிடாமல் கூட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள், இரவு முழுவதும் ஒரே ஒரு வரி கிடைத்தவரும், கிடைத்த ஒரு ஸ்கெட்சும் ஒத்திகையோடு வெட்டப்பட்டவரும், யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் கைதட்டிக்கொண்டு.